மஞ்சள் காரும் வைதேகி மேடத்தின் வயிறும்

வண்டி நேராக ஓடும்வரை எங்களை யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு வளைவு வந்தால்தான் எங்கள் பிழைப்பு ஆரம்பமாகும். திருச்சி பாலக்கரையில் டயரும் சஸ்பென்ஷனும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். ஊர் வையம்பட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் முதன்முதலாக இன்ஜினியரிங் முடித்தவன். அதனாலோ என்னவோ, ஒரு நட்டை முறுக்கிவிட்டு ரூமுக்குப் போனாலும், சரியாகத்தான் முறுக்கினோமா என்று படுத்துக்கொண்டே யோசிப்பேன். கவுன்டருக்கு உள்பக்கம் நின்று சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்த வியாதியை விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதப்போகிற கதையின் முக்கியமான பகுதி நான் பார்த்ததல்ல, கேட்டது. அதையும் கணவர் ஒரு விதமாகச் சொன்னார், மனைவி வேறு விதமாகச் சொன்னார்.

நிபந்தனை

ஸ்ரீரங்கத்து ஆடிட்டர் சுதர்சன் சார் பெங்களூரில் யாரோ விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தார். மஞ்சள் நிறம், இரண்டு கதவு, இரண்டே சீட். சின்ன வயதிலிருந்தே ஆசையாம். முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஏற்றிக்கொண்டு முக்கொம்பு போயிருக்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் கார் படகு மாதிரி ஒரு பக்கமாகச் சாய, டயர் கத்த, வைதேகி மேடம் அணையைப் பார்க்காமல் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்.

மேடம் வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. எதையும் நிபந்தனையோடுதான் அனுமதிப்பார். கணவரோடு கடைக்கே வந்து, எங்கள் ஓனர் காதர் பாய் முன்னால் தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டார். பாய் உடனே என் தோளைத் தட்டி, "தம்பி இன்ஜினியருங்க, எல்லாம் தம்பி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மேடம் என் பக்கம் திரும்பி நிபந்தனையை மறுபடியும் சொன்னார்.

"இதுல உக்காந்து கொல்லிமலை ஏறி இறங்குவேன். வயத்தைப் புரட்டலைன்னா கார் எங்காத்துல இருக்கட்டும். புரட்டித்துன்னா மறுநாளே விக்கணும். நீங்கதான் சாட்சி."

ஓடாத டயர்

முதலில் டயரைப் பார்த்தேன். ரோட்டைப் பிடிக்கிற பட்டன், அந்த மேடுபள்ளம் எல்லாம் புதுசு போலவே இருந்தது. சார் பெருமையோடு தடவிக் காட்டினார். ஆனால் டயரின் பக்கவாட்டில், தயாரித்த வாரமும் வருஷமும் நான்கு இலக்கமாக அச்சாகியிருக்கும். அதைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. டயர் தேயாமலே கிழமாகியிருந்தது. நாள்பட்ட அழிரப்பர் கல்லாகிப்போய் எழுத்தை அழிக்காமல் தாளைக் கிழிக்குமே, அந்த நிலை. அப்படிப்பட்ட ரப்பர் வளைவில் ரோட்டைப் பிடிக்காது, வழுக்கும்.

நான்கையும் மாற்ற வேண்டும் என்று நேராகச் சொல்லத் தயங்கினேன். டயர் விற்கிறவனே டயரை மாற்றச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் சுற்றி வளைத்து, வேண்டுமானால் வேறு கடையில் காட்டிவிட்டு வாருங்கள், அவர்கள் மாற்ற வேண்டாம் என்றால் எனக்கும் சந்தோஷம்தான் என்றெல்லாம் சொன்னேன். டீ குடித்துவிட்டு வந்திருந்த பாய் உள்ளேயிருந்து இருமினார். சார் குனிந்து அந்த நான்கு இலக்கத்தைத் தானே ஒருதரம் படித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஓடாத வண்டிக்கும் தேய்மானம் உண்டுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேன். எங்கிட்டயே ஒருத்தர் சொல்லுவார்னு நெனைக்கலை."

வேகத்தடையை அளந்தது

நல்ல பிடிப்புள்ள டயர் போட்டாயிற்று. அடுத்தது ஸ்பிரிங். காரை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் வளைவில் சாய்வது குறையும். ரொம்பத் தாழ்த்தினால் வீட்டு வாசலுக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையிலேயே காரின் அடிவயிறு தட்டி நின்றுவிடும். சார் வீடு சித்திரை வீதிக்குப் பக்கம். எவ்வளவு தாழ்த்தலாம் என்று ஊகமாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப்போய், வீதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வேகத்தடையாக அளந்தேன். உயரத்தைத் தாளில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது தடையை அளக்கும்போதே வீதியில் ஒரு சலசலப்பு. பாத்திரக்கடைக்காரர் வெளியே தொங்கவிட்டிருந்த அண்டாக்களை உள்ளே எடுத்தார். வளையல் கடையில் பந்தல் துணியைச் சுருட்டினார்கள். ஒருவர் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். ஆக்கிரமிப்பை அளக்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். இல்லைங்க, ஒரு கார் திரும்பறதுக்காக அளக்கிறேன் என்று சொன்னேன். கோயில் தேரே இந்த மூலைகளில் முட்டுக்கட்டை கொடுத்துக் கொடுத்து நிதானமாகத்தான் திரும்புகிறது, அந்தக் கார் என்ன பெரிய கொம்பா என்று ஒருவர் கேட்டார். பாத்திரக்கடைக்காரர் மட்டும் கடைசிவரை என்னை நம்பவில்லை. நான் கிளம்பும்போது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அளந்தது அளந்துட்டீங்க, அப்படியே எதுத்த கடையையும் அளந்துட்டுப் போயிடுங்க."

எடை

புது ஸ்பிரிங்குகளோடு, உயரத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற வசதியும் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் பாரம் ஒழுங்காகப் பிரிய வேண்டுமென்றால், சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிற கணக்கில் அதை அமைக்க வேண்டும். லேசான கார் என்பதால் பக்கத்து சீட்டில் உட்காருகிறவரின் எடையும் கணக்கில் வரும். அதாவது, நான் வைதேகி மேடத்துக்கு போன் செய்து அவருடைய எடையைக் கேட்க வேண்டும்.

பாயைக் கேட்கச் சொன்னேன். தனக்கு மூன்று பெண்கள் என்றும், அந்தத் தப்பை வீட்டில்கூடச் செய்ததில்லை என்றும் சொல்லிவிட்டார். முதலில் சாரைக் கேட்டேன். அவர் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு எண்ணை மெதுவாகச் சொன்னார். நேர்மையாக இருக்க வேண்டுமே என்று மேடத்தையும் கேட்டேன். அவர் சொன்ன எண் ரொம்பவும் சின்னது. இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு நான் போனில் மென்று விழுங்கியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கணவரையும் கேட்டிருக்கிறேன் என்று புரிந்துகொண்டுதான் பேசினார்.

"அவர் என்ன சொன்னாரோ அந்த எடைக்கு அரிசி மூட்டையை ஏத்தி வேலையைப் பாருங்கோ. பேப்பர்ல மட்டும் நான் சொன்னதை எழுதிக்கோங்கோ."

பொட்டு வைத்த குமிழ்கள்

இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற ஒரு இரும்புக் கம்பி உண்டு. கார் சாயும்போது அதை இழுத்துப் பிடிப்பது அதுதான். அதையும் தடிமனாக மாற்றினோம். ஷாக் அப்சார்பர்களின் தலையில் சின்னச் சின்னக் குமிழ்கள். வலப்பக்கம் திருகினால் கெட்டி, இடப்பக்கம் திருகினால் மெத்து. ஒரு நாள் முழுக்க அதைத் திருகித் திருகிப் பார்த்து, இடதும் வலதும் ஒன்றுபோல வைத்து அனுப்பினேன்.

மறுநாளே சார் போன் செய்தார். காவிரிப் பாலத்தில் கார் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து நொண்டுகிறதாம். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடினேன். பானெட்டைத் திறந்தால், முன்பக்கக் குமிழ்கள் இரண்டும் சந்தனமும் குங்குமமுமாகப் பளபளவென்று இருந்தன. ஒன்று கடைசிவரை கெட்டியாகவும் மற்றது கடைசிவரை மெத்தாகவும் திரும்பியிருந்தது. சாரின் மாமியார் வெள்ளிக்கிழமை காருக்குப் பூஜை போட்டிருக்கிறார். குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி குமிழ்களை ஈரத்துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறார். இவற்றைத் திருகக் கூடாது பாட்டி, கார் சமமாக நிற்காது என்று பக்குவமாகச் சொன்னேன். பின்பக்கமும் இதேபோல இரண்டு உண்டு என்று ஏன் சொன்னேனோ தெரியாது. அவர் முகம் வாடிவிட்டது.

"அடடா, பின்னாடி இருக்கறது தெரியாமப் போயிடுத்தே. பெருமாளுக்கே அடுக்காது. இருங்கோ, துணியை நனைச்சுண்டு வரேன்."

கொல்லிமலை

இனி நான் பார்க்காதது. அவர்கள் கொல்லிமலை ஏறிய ஞாயிற்றுக்கிழமை நான் வையம்பட்டியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை. திங்கட்கிழமை அவர்களே வந்தார்கள்.

ஏறும்போது சார் ஓட்டினார் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கார் துளிகூடச் சாயவில்லை, டயர் முனகவில்லை. அங்கேதான் வினை. முன்பென்றால் கார் சாய்கிறதே என்று சார் கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து போயிருப்பார். இப்போது எவ்வளவு வேகத்துக்கும் கார் ஒட்டிக்கொண்டு திரும்பியதால், அவர் உற்சாகத்தில் வேகத்தைக் குறைக்கவே இல்லை. கார் சாயாவிட்டால் என்ன, உள்ளே உட்கார்ந்திருக்கிற வயிறு சாயத்தானே செய்யும்? பாதி மலையில் மேடம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்துவிட்டார். சார் வாதாடவில்லை. மலைக்கு மேலே போய்ச் சேர்ந்ததும், விற்பனைக்குப் போடுவதற்காகக் காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்திருக்கிறார். முன்னால் நின்று, பின்னால் நின்று, உட்கார்ந்து. அதைப் பார்க்கத் தன்னால் முடியவில்லை என்று மேடம் சொன்னார். எப்படியும் விற்கப்போகிற வண்டி, இறங்கும்போது நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார். மேடம் தினமும் தன் சின்னக் காரில் ஆபீஸ் போய் வருகிறவர்.

இதற்கு மேல் கதை இரண்டாகப் பிரிகிறது. சார் சொன்னது: மனைவி நான்கைந்து வளைவு ஆசைக்கு ஓட்டினார், அப்புறம் சாரே வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்; நடுவில் ஒருதரம் நிறுத்தியது இயற்கைக் காட்சி பார்க்க. மேடம் சொன்னது: அடிவாரம்வரை மேடமேதான் ஓட்டினார், தன் வயிறு கல் மாதிரி அசையாமல் இருந்தது; நடுவில் நிறுத்தியது உண்மைதான், ஆனால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற சார் பார்த்தது இயற்கைக் காட்சியை அல்ல. அடிவாரத்தில் தான் கணவரிடம் என்ன கேட்டார் என்பதையும் மேடம் என்னிடம் மறைக்கவில்லை.

"ஏன்னா, இன்னொருதரம் மேல போயிட்டு வந்துடலாமான்னு கேட்டேன். இவர் கதவைத் திறந்துண்டு இறங்கி நின்னுட்டார்."

இரண்டு புகார்

அந்தத் திங்கட்கிழமை இரண்டு பேரும் கவுன்டருக்கு முன்னால் நின்றார்கள். சாருக்குக் குமிழ்களை மெத்தாக்க வேண்டும். மேடத்துக்குப் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் கெட்டியாக வேண்டும், வளைவில் திரும்பும்போது பின்பக்கம் அரை மனதோடு வருகிறதாம். பாயைத் தேடினேன். டீ குடிக்கப் போயிருந்தார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காரில் கோளாறு இல்லை. வேகமாகத் திரும்பத்தான் அதைத் தயார் செய்தோம், அது திரும்புகிறது. ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாராகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தெரியாது, அதனால்தான் புரட்டுகிறது. இதற்கு எங்கள் கடையில் பார்ட்ஸ் கிடையாது என்றும் சொன்னேன். நிபந்தனைப்படி பார்த்தால் வயிறு புரட்டியது நிஜம், காரை விற்கத்தான் வேண்டும். சாட்சியான நான் அதையும் சொல்லியாக வேண்டுமே என்று சொன்னேன். சார் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் அவரைப் பார்த்தார், வெளியே நின்ற காரைப் பார்த்தார், பிறகு சாரின் போனைக் கையில் எடுத்தார்.

"ஏறும்போது போட்ட கண்டிஷனை இறங்கும்போது மாத்திட்டேன். விக்கறதுக்கு எடுத்த போட்டோவெல்லாம் நானே அழிச்சுடறேன். கார் இருக்கட்டும்."

சரிபார்த்தது

சில மாதம் கழித்து, டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட இருவரும் வந்தார்கள். மேடம் பக்கத்துக் கடையில் ஏதோ வாங்கப் போன நேரத்தில் சார் என்னைத் தனியாக அழைத்து, இப்போதெல்லாம் பாதிக்குப் பாதி தானும் ஓட்டுவதாகவும், அன்றைக்கு மலையிலும் பெரும்பகுதி தான்தான் ஓட்டியதாகவும், தன் மனைவிக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற சுபாவம் என்றும் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். காரை ராம்ப்பில் ஏற்றலாம் என்று உள்ளே உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சார் என்னைவிட ஒரு தலை உயரம். டிரைவர் சீட்டோ மேடத்தின் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. சீட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தேன், அசையவில்லை. அடியிலிருந்த தண்டவாளத்தில் தூசு உறைந்து, மாதக்கணக்கில் யாரும் நகர்த்தாத சீட் அது. பக்கத்து சீட் கடைசிவரை பின்னால் போயிருந்தது. அதன் கதவுப் பையில் இரண்டு எலுமிச்சம்பழமும் மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர்களும் இருந்தன.

டயர், ஸ்பிரிங், கம்பி, குமிழ் என்று என்னென்னவோ மாற்றி அந்தக் காரைக் காப்பாற்றப் பார்த்தோம். கடைசியில் இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்ததில்தான் அது தப்பித்தது, அதற்கு ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை.