காளான் கூடாரத்துக்கு மூங்கில் கால்

செந்தாமரையைப் பிடிவாதக்காரி என்று ஊரே சொல்லும். ஜவ்வாது மலையில் அந்தப் பிடிவாதம் கொஞ்சம் மற்றவர்களுக்கும் இருந்தால் தேவலை.

அவள் வீட்டில் இருந்தது ஒரே ஓர் உள்ளறை. அறுவடையானால் சாமை மூட்டைகள் அடைகிற இடம். அங்கேதான் ஆன்லைனில் வாங்கிய துணிக் கூடாரத்தை நிறுத்திச் சிப்பிக்காளான் வளர்த்தாள். முதல் விளைச்சல் காற்றோட்டம் இல்லாமல் கெட்டது. காம்பெல்லாம் நீண்டு, குடை சுண்டைக்காய் அளவிலேயே நின்றுவிட்டது.

"இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா கூடாரத்த பிரிச்சிடு தாமர. சாம வந்தா எங்க கொட்றது?" என்றான் கணவன் தீர்த்தகிரி. அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அறை போனால் அவள் காளானும் போச்சு.

திருப்பத்தூர் பழைய இரும்புக் கடையிலிருந்து, காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அம்மிக்கல் கனம். கூடாரத்துத் துணியைத் தாங்கும் குழாயோ சுண்டுவிரல் பருமன். மாட்டியதும் கூரை தூளியாகத் தொங்கியது.

அவள் அசரவில்லை. சாமைக் கொல்லையில் காவல் பரண் கட்டிய கை அல்லவா! கூடாரத்துக்குள்ளேயே மூங்கில் கால்களை நிறுத்தி, குறுக்குக் கழி வைத்து, ஊறவைத்த ஆத்திமரப் பட்டை நாரால் கட்டி, விசிறியை அதில் தொங்கவிட்டாள். ஈர நாரில் முடிச்சுப் போட்டால், காயக் காய உடும்பாகப் பிடிக்கும். மலையில் எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, முடிச்சு நழுவி விசிறி விழுந்தது. காளான் பைகள் நசுங்கின. தீர்த்தகிரி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக் காந்தாவுக்கும் கேட்டிருக்கும். செந்தாமரைக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே நாரைத் தொட்டுப் பார்த்தாள். சொதசொதவென்று இருந்தது. நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்கிற இடத்தில் நார் எப்போது காயும், எப்படி இறுகும்? தலையில் குட்டிக்கொண்டாள்.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தாள். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே கைகழுவியிருப்பார்கள். இந்தத் தடவை மூங்கில் சட்டத்தை வாசல் வெயிலில் கட்டி, நார் முறுகக் காய்ந்த பிறகுதான் உள்ளே தூக்கி வந்தாள். கூடாரத்தை அதற்குள் நிறுத்தினாள். விசிறியைத் தொங்கவிடும் சங்கிலியைக் கூடாரத்து மேல் ஓட்டை வழியாக எடுத்து மூங்கிலில் மாட்டினாள். குழாய்களுக்குத் துணியின் பாரம் மட்டும்தான். விசிறி இழுத்த காற்று ஜன்னலுக்கு வெளியே போனது. காளான் உள்ளங்கை அகலம் விரிந்தது.

சாமையும் வந்தது. தோளில் மூட்டையோடு தீர்த்தகிரி அறை வாசலில் நின்றான்.

"இன்னும் ஒரு பறிப்பு இருக்குதுங்க" என்றாள்.

அவன் சட்டத்தை ஒரு கையால் உலுக்கினான். அசையவில்லை. மூட்டையைத் தூக்கிச் சட்டத்தின் மேலேயே வைத்தான்.

"அய்யோ, ஈரம் ஏறுங்க!"

"அதான் உன் விசிறி வெளிய தள்ளுதே. நின்னுக்கினு இன்னா பாக்குற? அடுத்த மூட்டைக்கி ஒரு கை குடு."