அரவானா என் கையால் சாப்பிடவில்லை

எங்கள் ரப்பர் தோட்டம் கம்பனிக்குக் கைமாறிய பிறகு வந்த தொரை, பங்களா முன்னறையில் கண்ணாடித் தொட்டி வைத்து ஓர் அரவானா மீன் வளர்த்தார். ஒரு சாண் நீளம், வெள்ளிச் செதில். தொட்டியின் அடிப்பக்கம் அது இறங்கியதே இல்லை. வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். தண்ணீர் மேல் விழுவதை மட்டும்தான் பார்க்கும், அதையும் பெரும்பாலும் வேண்டாம் என்றுவிடும்.

எனக்கு அப்போது ஸ்டோரில், அதாவது தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை. காலையில் ரப்பர் பாலை உறையவைக்க அசிட் கலப்பேன், மதியத்துக்குப் பிறகு புகை அறையில் ரப்பர் ஷீட்டுகளைக் காயத் தொங்கவிடுவேன். இருமல் நிற்காமல் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இனிப் புகையில் நிற்கக் கூடாது என்றார்கள். தோட்டத்தில் வேறு வேலை யார் தருவார்கள்?

தொரை இரண்டு வாரம் கொழும்புக்குப் போகப் புறப்பட்டார். மதியத்துக்குப் பிறகு மீனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கேட்டார். கங்காணி என்னைக் காட்டினார்.

"இது ஒண்ணும் சாப்பிடுறது இல்ல. நீ சாப்பிட வச்சா பங்களாவிலயே வேல தாறன்" என்றார் தொரை.

டப்பாவில் இருந்த உருண்டைகளைப் போட்டேன். மிதந்து, ஊதி, அடியில் போய்க் கிடந்தன. காய்ந்த இறாலும் அப்படியே. ரப்பர் மரங்களுக்கிடையில் தத்துக்கிளி பிடித்து உயிரோடு போட்டேன். மீன் வந்தது. தாடையிலுள்ள மீசையால் தொட்டது. திரும்பிப் போனது. ஒரு வாரத்தில் அதன் வயிறு ஒட்டிவிட்டது.

"மடியில போட்டு ஊட்டுறது ஒண்ணுதான்டா தம்பி பாக்கி" என்று சிரித்தார் சமையல்காரர். எல்லோரும் அவரை அப்பு என்போம்.

மறுநாள் அவரே அலுமாரிக்குப் பின்னாலிருந்த கரப்பான் ஒன்றை இடுக்கியால் பிடித்து, விளையாட்டுக்குத் தொட்டியில் போட்டார். மீன் எம்பி ஒரே வாயில் விழுங்கியது. நானும் அதே இடத்தில் ஒரு கரப்பானைக் கையால் பிடித்துப் போட்டேன். தொட்டுவிட்டு நகர்ந்தது.

அப்பு என் கையைப் பிடித்து முகர்ந்தார். "சீ! அசிட் நாத்தம்டா. மனுசனே திங்கமாட்டான், மீன் திங்குமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலயேண்ணே."

"ஒனக்கு எப்படித் தெரியும்? பத்து வருசமா அதுலயே கெடக்கிற."

நாற்றம் போகச் சவுக்காரம், சாம்பல், தேசிக்காய்ச் சாறு எல்லாம் கையில் தேய்த்துப் பார்த்தேன். காலையில் மறுபடி அசிட்தானே. அதன் பிறகு இடுக்கியாலேயே பிடித்து இடுக்கியாலேயே போட்டேன். மீன் சாப்பிட்டது. நான்கு நாட்கள் சாப்பிட்டது. அந்த நான்கு நாட்களும் பங்களா வேலை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

தொரை வந்ததும் தொட்டிக்கருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தோட்டத்தில் பிடித்த தத்துக்கிளி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "போடு, பாப்பம்" என்றார்.

இடுக்கி வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான். தொரைக்கு முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை. போட்டேன். மீன் வந்தது, தொட்டது, போய்விட்டது. தொரை இன்னொன்றைக் கொடுத்தார். அதுவும் அப்படியே மிதந்தது.

தேநீர் கொண்டுவந்த அப்பு நிலைமையைப் பார்த்து, எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "நான் போடுறங்க தொரை" என்று ஒன்றை வாங்கிப் போட்டார். தண்ணீர் மேசையில் தெறிக்க மீன் பாய்ந்து எடுத்தது.

தொரைக்குச் சந்தோஷம். "சரி, அப்பு, நீயே பாத்துக்கோ" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ ஸ்டோருக்குப் போ" என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை.

பின்வாசல் வரை அப்பு கூடவே வந்தார். "வாயத் தொறந்து சொன்னா என்னடா? நான் சொல்லட்டா இப்ப?"

"வேணாம்ணே. விடுங்க."

மறுநாள் மதியம் புகை அறைக் கதவைத் திறந்து உள்ளே போனேன். அதன் பிறகு ஏழு வருடம் அங்கேதான் வேலை செய்தேன்.