பெயரை மட்டும் மாற்றி அடித்த அறிக்கைகள்

போன மாதம் பீளமேட்டு சிக்னலில் டவுன் பஸ் நின்றிருந்தபோது, ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்து என் மடியில் ஒரு நோட்டீஸைப் போட்டுவிட்டுப் போனது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நம் சமூகத்துக்கென்று புதிதாக ஒரு கட்சி தொடங்கியிருக்கிறார்களாம். ‘நம்’ என்றால் யார் என்று அதில் எழுதவில்லை. கொடியின் நிறத்தைப் பார்த்தாலே இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். எல்லாக் கட்சிகளும் நம்மை ஏமாற்றிவிட்டன, இனி ஏமாற மாட்டோம், நம் வாக்கு நமக்கே. படிக்கப் படிக்கக் களைப்பாக இருந்தது. கோபப்படுகிற வயதை நான் தாண்டி வெகுநாளாயிற்று. இதே வரிகளை ஒரு காலத்தில் நான் எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். அடித்தது என்றால் டைப் அடித்தது.

நோட்டீஸில் மை வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனைக்கு எனக்குள் ஒரு தனி அறை இருக்கிறது. அப்போது பிரதி எடுப்பதற்காக அடிக்கும் ஸ்டென்சில் தாளில் எழுத்துப் பிழை வந்தால் பூசுவதற்குச் சிவப்பாக ஒரு திரவம் வரும், நகப்பூச்சு வாசனையோடு. தமிழ் மெஷினில் மெய்யெழுத்துப் புள்ளியைக் கொஞ்சம் அழுத்தி அடித்தால் ஸ்டென்சிலில் ஓட்டை விழுந்துவிடும். அச்சாகி வரும் தாளில் புள்ளிக்குப் பதில் கறுப்பு மிளகு உட்கார்ந்திருக்கும். என் விரல் பட்டு ஒரு தாளிலும் ஓட்டை விழாது என்று எனக்கு அப்போது பெரிய கர்வம். இருபத்திரண்டு வயதில் கர்வப்பட வேறு என்ன இருந்தது?

தொண்ணூறுகளின் தொடக்கம். பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றின் மாடியில் அந்தக் கட்சியின் அலுவலகம் இருந்தது. விவசாயம் செய்கிற, தோட்டம் துரவு வைத்திருக்கிற ஒரு சமூகத்தாரின் கட்சி. கரன்ட் கட்டணம், தேங்காய் விலை, வாய்க்கால் தண்ணீர் என்று பேசத் தொடங்கி, கடைசியில் எப்போதும் ‘நம் இனம்’ என்று முடிப்பார்கள். என்னுடைய ஆட்கள் அவர்களுடைய தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்தவர்கள். ஆனைமலைப் பக்கம் தோப்பில் வேலை பார்த்த என் அப்பா, மாதா கோயில் பாதிரியார் உதவியில் மில்லுக்கு வந்து சேர்ந்ததால் நான் பள்ளிக்கூடம் போனேன், டைப்பும் படித்தேன்.

டைப்ரைட்டிங் வாத்தியார் சொல்லித்தான் அங்கே போனேன். அலுவலகச் செயலாளர் நாச்சிமுத்து என்பவர் என்னைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, நாற்பது வயதிருக்கும்.

“ஏனுங் அம்மணி, ஊரு எதுங்க?”

சொன்னேன்.

“அப்பாரு?”

மில் என்றேன். என் பெயரை மனுவில் இன்னொரு முறை பார்த்தார். என் பெயரே பாதியைச் சொல்லிவிடும். மீதியை ஊரும் அப்பாவும் சொல்லியிருக்க வேண்டும். சற்று நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“தப்பில்லாம அடிப்பீங்களா?”

“அடிப்பனுங்க சார்.”

“அப்ப நாளைக்கே வந்துருங்.”

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “சம்பளத்தக் கையில குடுப்பாங்களா கண்ணு, மேலருந்து போடுவாங்களா?” முதல் மாதம் நாச்சிமுத்து கவரை மேசை மேல் வைத்தார். கையிலும் தரவில்லை, மேலிருந்து போடவுமில்லை. இதைச் சொன்னதும் அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

வேலை கடினமில்லை. கட்சி ஒரு வருடம் ஒரு கூட்டணியில் இருக்கும், அடுத்த வருடம் அதற்கு எதிரணியில் இருக்கும். அறிக்கை மட்டும் ஒன்றேதான். ‘இயற்கையான கூட்டணி’ என்று ஒரு வரி, ‘மானத்தை அடகு வைக்க மாட்டோம்’ என்று ஒரு வரி. முறிவென்றால் இரண்டாவது வரி முதலில் வரும், அவ்வளவே. நான் பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்சிப் பெயரை மட்டும் மாற்றி அடித்துவிடுவேன். ஒருமுறை மூன்றாவது பத்தியில் பெயரை மாற்ற மறந்துபோனேன். முதல் பத்தியில் யாரைத் திட்டியிருந்தோமோ அவர்களையே மூன்றாவது பத்தியில் வாழ்த்தியிருந்தோம். பத்திரிகைகளுக்குப் போகும் முன் நாச்சிமுத்து பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவரோ மெதுவாகச் சிரித்தார்.

“இத அப்படியே உட்டிருந்தாலும் ஒருத்தனும் கண்டுபுடிச்சிருக்க மாட்டானுங் அம்மணி.”

அவரும் களைத்துப்போன ஆள்தான் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பின் அவரைப் பார்த்தால் பயம் இல்லை.

பிறகு ஒரு தேர்தல் வந்தது. எப்படிக் கணக்குப் போட்டார்களோ, இந்தக் கட்சியும் எங்கள் ஆட்களின் கட்சியும் ஒரே அணியில் வந்து விழுந்தன. எங்கள் கட்சி என்று நான் சொல்வது உரிமையில் சொல்வது. அதில் நான் உறுப்பினர்கூட இல்லை. இரண்டு கொடிகளையும் ஒரே மூங்கிலில் கட்டினார்கள். இரண்டு வருடமாக என்னைத் தாண்டித் தாண்டிப் போன கட்சித் தலைவர், ஒருநாள் என் மேசை முன்னால் நின்று, “நம்ம அம்மணி எப்பிடி இருக்குது?” என்றார். காரமடையில் நடக்கும் பொதுக்கூட்டத்தில் நான்தான் வரவேற்புரை வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார். எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் புதுச் சேலை வாங்கினேன்.

நாச்சிமுத்துவின் ஊர் காரமடைக்குப் பக்கத்தில். கூட்டத்தன்று மதியம், “ஊட்டுல சாப்புட்டுட்டுப் போலாமுங்” என்று அழைத்துப் போனார். ஜீப்பில் ஏறும்போதே, “இனி சாருன்னு வேண்டாமுங். அண்ணான்னே கூப்புடுங்” என்றார். நான் உடனே கூப்பிட்டேன். எவ்வளவு நாளாகக் காத்திருந்தேனோ.

அவர் மனைவி சரசக்கா சமையலறையை ஒட்டின கூடத்தில் எனக்கு இலை போட்டார். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கின சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். “வெக்கப்படாமச் சாப்புடு கண்ணு. ஒல்லியாக் கெடக்கற” என்று இரண்டாம் முறை போட்டார். பக்கத்து வீட்டிலிருந்து நாச்சிமுத்துவின் அண்ணன் வாசல்வரை வந்தார், என்னைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். சரசக்கா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல மோர் ஊற்றினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இன்று மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நெய்யிலிருந்து மோர்வரை எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “எலைய யாரு எடுத்தாங்க?” என்றார்.

நான்தான் எடுத்தேன். “வெச்சுருடா கண்ணு” என்று சரசக்கா சொல்வதற்குள் என் கை எடுத்துவிட்டது. எந்த வீட்டிலும் யாரும் எனக்குச் சொல்லித் தராத பழக்கம் அது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நாச்சிமுத்துவின் ஊரில் ஒரு டீக்கடை. எங்கள் ஆட்களுக்கு அங்கே அதுவரை தனி கிளாஸ், கூரை ஓரத்தில் சொருகி வைத்திருப்பார்கள். தேர்தல் மாதங்களில் நாச்சிமுத்து கடைக்காரரிடம் பேசி எல்லாக் கிளாஸையும் ஒன்றாகக் கழுவச் சொன்னார். காலனியைச் சேர்ந்த ஆறுமுகம் என்கிற கட்டட வேலைக்காரர், காரமடைக் கூட்டத்தில் நாச்சிமுத்துவுக்கு மாலை போட்டவர், பெஞ்சில் உட்கார்ந்து முதல் டீயைக் குடித்தார். அதைப் போட்டோ எடுத்துக் கட்சிப் பத்திரிகையில் போட்டார்கள். படத்துக்குக் கீழே வந்த வரி நான் அடித்தது.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏதோ உள்ளாட்சி இடப் பங்கீட்டில் தகராறு வந்து கூட்டணி முறிந்தது. கிளாஸ் மறுபடி கூரைக்குப் போனது. ஆறுமுகம் வழக்கம்போலப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரும் குடிக்கிற கிளாஸில் டீ கேட்டிருக்கிறார். நாலைந்து பேர் அடித்திருக்கிறார்கள். அதில் ஒருவன் நாச்சிமுத்துவுடைய அண்ணன் மகன். நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். தலையைச் சுற்றிக் கட்டு. “டீதான் கேட்டனுங் அம்மணி, வேற ஒண்ணுமே பேசல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார், நான்தான் விசாரணைக்கு வந்தவள் போல.

மறுநாள் அலுவலகத்தில் முறிவு அறிக்கை. நாச்சிமுத்து தலைவரின் தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மானம் வந்தது, துரோகம் வந்தது. பிறகு, “தங்கள் இடம் எது என்பதை மறந்து நடந்துகொண்டவர்களால்” என்று ஒரு வரி வந்தது. என் விரல் நின்றுவிட்டது.

“தலைவரு எழுதுன வரிங் அம்மணி” என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எந்த எடமுங்க சார்?” என்றேன். அண்ணா என்று வரவில்லை.

கீழே கடையில் யாரோ மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் தாளைக் கீழே வைத்தார். “அந்த வரிய உட்டுருங்” என்றார். விட்டுவிட்டு மீதியை அடித்தேன். மீதியை அடித்தேன் என்பதைத்தான் நான் பிறகு பல வருடம் நினைத்தேன். மீதியும் அவ்வளவு நல்ல வரிகள் இல்லை.

பத்திரிகையில் அந்த வரி இல்லாததைப் பார்த்துவிட்டுத் தலைவர் கேட்டபோது நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். நாச்சிமுத்து சொன்னது தெளிவாகக் கேட்டது. “டைப்புல உட்டுப்போச்சுங்க.” தமிழில் இப்படி ஒரு வசதி உண்டு. யார் செய்தது என்று சொல்லாமலே ஒன்றைச் சொல்லிவிடலாம். கேட்பவர் ஆளைக் கண்டுபிடித்துக்கொள்வார். சாயங்காலம் அவர் என் மேசைப் பக்கம் வந்து நின்றபோது நான் மெஷினுக்கு உறை போட்டுவிட்டேன். அவரைச் சொல்ல வைக்கவில்லை. அது பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கேட்கப் பயமாக இருந்தது, அதுதான் நிஜம்.

பிறகு அதே பீளமேட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்து, கட்சி அலுவலகத்தை விட்டு வந்துவிட்டேன். கட்சி அதற்குப் பிறகும் இரண்டு முறை அணி மாறியதைப் பேப்பரில் படித்தேன். தொண்ணூறுகளின் கடைசித் தேர்தல் சமயம், ஒருநாள் காலை பதினொரு மணிக்கு நாச்சிமுத்து என் மேசை முன்னால் நின்றார். நரைத்திருந்தார். விபூதி அப்படியே இருந்தது.

“ஒரு லெட்டர் அடிக்கோணுமுங் அம்மணி. வெளிய குடுக்க மனசில்ல.”

கட்சியிலிருந்து விலகும் கடிதம். மறுபடியும் எங்கள் ஆட்களின் கட்சியோடேயே கூட்டணி வைத்திருந்தார்கள். அவரைக் காலனிக்கு ஓட்டுக் கேட்க அனுப்பியிருக்கிறார்கள்.

“ஆறுமுகம் ஊட்டுக்குப் போனனுங். திட்டுவான்னு நெனச்சேன். ஒக்காரச் சொன்னான். தண்ணி குடுத்தான். குடிச்சுப்போட்டேன். அதுக்கப்புறம் ஓட்டுக் கேக்க வாய் வரலீங்.”

‘குடுத்தான்’ என்றுதான் சொன்னார். ஆறுமுகம் அவரைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அதை நான் சுட்டிக்காட்டவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

“காரணம் என்னன்னு போடறதுங்க?” என்று கேட்டேன்.

“சொந்தக் காரணம்னு போடுங்.”

அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கதவுவரை போய்விட்டுத் திரும்பினார்.

“அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. எந்த எடம்னு. எனக்கு இன்னைக்கும் சொல்லத் தெரியலீங்.”

நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை அது இல்லை. இருந்தாலும் எழுந்து படிவரை கூடப் போனேன். “வாரனுங் அம்மணி” என்று இறங்கினார். அன்றைக்குக் கடைசிவரை நான் அவரை அண்ணா என்றும் கூப்பிடவில்லை, சார் என்றும் கூப்பிடவில்லை. நாலைந்து வருடம் கழித்து அவர் இறந்த செய்தி எனக்குத் தெரிந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. சரசக்கா திருப்பூரில் மகளோடு இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன்.

அப்பா போய்விட்டார். அவருடைய மில் போய், அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. மாடி அலுவலகமும் காயில் கடையும் இருந்த இடத்தை, ரோட்டை அகலப்படுத்தும்போது எடுத்துக்கொண்டார்கள். தலைவரின் பெயரைச் சொன்னால் என் அலுவலகத்தில் முப்பது வயதுக்காரர்கள் யார் என்று கேட்கிறார்கள்.

இரண்டு வருடம் முன்பு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் காவலுக்கு நின்ற ஒருவரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பெயர் நினைவுக்கு வந்ததும் இரண்டு முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. அவருடைய வலப்பக்கம் சுற்றிப்போய்க் கூப்பிட்டதும், “ஏனுங்க?” என்று திரும்பினார் ஆறுமுகம். இடது காது டீக்கடையில் அடிபட்ட அன்றைக்கே போய்விட்டதாம். மகள் நர்சாக இருக்கிறாள், தனக்கும் இந்த வேலை போதும் என்றார். என்னை அடையாளம் தெரிந்ததும் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். நேரமில்லை என்று சொன்னேன், நேரம் இருந்தது.

“அந்தக் கட்சி இப்ப இருக்குதுங்களா அம்மணி?”

“இல்லீங்ணா.”

“எப்பங்க போச்சு?”

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பெரிய கட்சியோடு எந்த வருடம் கலந்தது என்றே நினைவு வரவில்லை. அதற்கு யாரும் அறிக்கை விட்டதாகவும் தெரியவில்லை. பதில் சொல்வதற்குள் ஒரு கார் வந்து ஒலி எழுப்பியது. அவருக்குக் கேட்கவில்லை. நான்தான் கையைத் தொட்டுக் காட்டினேன். அவர் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.