அழித்துவிட்ட முகங்கள்

காலை வகுப்புகள் முடியும்போது அம்மாவின் செல்போன் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைப் போலச் சுடும். பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த அந்த வருடம், அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி, கோவளத்தில் எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, சத்தத்துக்காகக் குழாயைத் திறந்துவிட்டு, என் முகத்தை நானே படமெடுத்துக்கொள்வேன். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். இடது கண்ணோரம் அரிசிமணி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. அது வளர்கிறதா என்று கண்ணாடி பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. முந்தைய நாள் படத்தையும் அன்றைய படத்தையும் விரலால் பெரிதாக்கி ஒப்பிட்டுவிட்டு, அம்மா கண்ணில் படாமலிருக்கப் பழையதை அழித்து, புதியதைப் பாடக்குறிப்புப் படங்களுக்குள் ஒளித்துவிட்டு வெளியே வருவேன்.

முதல் நாள் எடுத்த படத்தில் புள்ளி எதிர்ப்பக்கக் கண்ணோரம் இருந்தது. அங்கேயும் வந்துவிட்டதென்று அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். கண்ணாடி காட்டுவதுபோல இல்லாமல், எதிரே நிற்பவர்கள் பார்க்கிற விதமாகப் போன் என் முகத்தைத் திருப்பி வைத்திருக்கிறது என்று புரிய வெகுநேரமானது. அதுவரை புள்ளி எனக்கு மட்டும்தான் தெரியுமென்று நினைத்திருந்தேன்.

தெரியாமலா இருக்கும்! "மீனத் துன்னுட்டு தயிர ஊத்திகினா இப்பிடித்தான் வெளுக்கும்" என்று அத்தை, கேளம்பாக்கத்துக்கு 'ஷேர் ஆட்டோ' ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பாவிடம் சொன்னார். அம்மா மட்டும், "தேமலு, தானா பூடும்" என்று என்னைத் திரும்பியும் பாராமல் வேலையைத் தொடர்ந்தாள். அந்த அலட்சியம்தான் என்னை அதிகம் வதைத்தது.

ஒருநாள் பாடக்குறிப்புப் படமொன்றைத் தவறி அழித்துவிட்டு, அதை மீட்க, அழித்தவை கிடக்கும் பகுதியைத் திறந்தேன். என் குளியலறை முகங்களுக்கு நடுவே நான் எடுக்காத முகங்களும் இருந்தன. மதியத் தூக்கத்தில் மூடிய என் கண்கள், தலையணை, முடியை விலக்கிப் பிடித்த ஒரு விரல், ஓரத்தில் அம்மாவின் கண்ணாடி வளையல். அவற்றில் சில, நான் முதல் படம் எடுப்பதற்கும் முந்தையவை.

அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் போனை நீட்டினேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"நீயுமாடி எடுத்துகினு இருந்த?"

"தேமலுன்னு சொன்னியேம்மா?"

"வேற இன்னா சொல்றது? எனக்கே பயமா கீது."

அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். பயத்தோடு பயமாக ஒரு ஆறுதலும் வந்தது.

மறுநாள் அப்பா எங்களை ஆட்டோவிலேயே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். "இது தொத்தாது, உயிருக்கும் ஒண்ணும் பண்ணாது. பரவுமா, நிக்குமான்னு மட்டும் இப்பவே சொல்ல முடியாது" என்றார் டாக்டர். கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் அம்மா. திரும்பும் வழியில், படமென்றாலே முகத்தை மறைத்துக்கொள்கிறவள், போனை வாங்கி, என் கன்னத்தோடு கன்னம் வைத்து, தானே ஒரு படம் எடுத்தாள். "இத அழிக்காத" என்றாள்.

நான் அழிக்கவில்லை, மழைத்தண்ணீரில் விழுந்து அந்தப் போனே போய்விட்டது. களிம்புகளுக்குக் கொஞ்சகாலம் அடங்கியிருந்த வெள்ளை, பிறகு முகம், கழுத்து, கைகள் என்று தன்பாட்டுக்குப் பரவிவிட்டது. கேளம்பாக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் ஒரு கணம் உற்றுப் பார்ப்பது பழகிவிட்டது. இப்போது வேறொரு கவலை. நான் பிறந்த நிறம் வலக்காதின் கீழே கொஞ்சம்தான் மிச்சமிருக்கிறது, அதுவும் சுருங்கி வருகிறது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்த அந்த மாநிறம் எப்படிப்பட்டது என்பதே சில நாட்களாக எனக்கு மறந்துபோகிறது. சாப்பாடு போட அம்மா கையை நீட்டும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இன்னாடி பாக்குற?" என்கிறாள்.

"ஒண்ணுமில்லம்மா."