காத்தமுத்துவின் கடவுச்சொல்

இது நடந்தது. கதை கட்டிவிட வேண்டுமென்றால் சஃப்வான் இதைவிட நன்றாகவே கட்டுவான். ஊட்டி மார்க்கெட் ஸ்வெட்டர் கடை நூர் முகமதுவின் மகன் அவன். நூல் பிரிந்த ஸ்வெட்டரையும் காஷ்மீர் சரக்கென்று தலையில் கட்டுகிற குடும்பம். இந்தச் சங்கதியில் அவனுக்குப் பெருமையாக ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் நம்பச் சொல்கிறேன்.

கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறவன் சஃப்வான். எமரால்டு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு ஜாவாவில் செயலி எழுதிக் கொடுத்தான். விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையை அதில் பதிய வேண்டும். செயலி கிளவுடில் ஓடியது. ஆளாளுக்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அந்த லாகினையும் அவனேதான் எழுதினான்.

எடை பதியும் கிளார்க் காத்தமுத்து. அறுபதை நெருங்கியவர், சிறுவயதில் சிலோனில் அட்டன் என்ற ஊரிலிருந்து வந்தவர். ஒற்றை விரலால் தட்டுவார். டக்... டக்... கடவுச்சொல் மட்டும் நினைவில் நிற்காது. தினம் ஒரு போன்.

“தம்பி, கதவு தொறக்குதில்ல. கொஞ்சம் தொறந்து விடுங்க.”

பத்தாவது நாள் சஃப்வானுக்குப் பொறுமை போயிற்று. நிரலுக்குள் நாலு வரி சேர்த்தான். பெயர் காத்தமுத்து என்றால் கடவுச்சொல்லைப் பார்க்காதே, உள்ளே விடு. அவரிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தான். எடுக்கவில்லை.

ஜூன் மாதம் யாரோ அந்தப் பெயரில் நுழைந்து நாற்பது விவசாயிகளின் எடையைக் குறைத்துவிட்டார்கள்.

“எனக்குக் கடவுச்சொல்லே தெரியாதுங்க. என்னத்தத் தட்டினாலும் தொறக்குது” என்றார் காத்தமுத்து. ஃபேக்டரியே சிரித்தது. மேனேஜர் சரத் மட்டும் சஃப்வானைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“பாஸ்வேர்டு இல்லாம யாராச்சும் உள்ள போக முடியுமாப்பா?”

“நான் எழுதுனதுங்க சார். ஈ கூடப் போகாது.”

அன்றைக்கே அந்த நாலு வரியையும் அழித்தான். அன்றைக்கே காத்தமுத்துவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பதினோராம் நாள் நெஞ்சுவலி. போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் பதினெட்டு. இன்னும் இருட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. கீழே கடையில் அத்தா நூர் முகமது யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மாலை 4.10. லாகின் பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது.

காத்தமுத்து. தவறான கடவுச்சொல்: வனிதா1.

தவறாகத் தட்டிய சொல்லும் அப்படியே பதிவாகும்படி விட்டிருந்தது சஃப்வானின் இன்னொரு சோம்பல். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தான். பயனர் பட்டியலில் அந்தப் பெயரையே நீக்கினான்.

4.13. காத்தமுத்து. தவறான கடவுச்சொல்: அட்டன்66.

பட்டியலில் இல்லாத பெயருக்குச் செயலி இப்படிச் சொல்லாது. ‘அப்படி ஒருவர் இல்லை’ என்றுதான் சொல்லும்.

கீழே பேரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அறையில் ஒரு வாசனை... ஃபேக்டரியில் பச்சைத் தேயிலை வாடும் வாசனை.

சர்வரையே நிறுத்தினான். நின்றுவிட்டது.

டக்...

அவன் கை இரண்டும் மடியில் இருந்தன.

டக்... டக்...

4.16. தவறான கடவுச்சொல்: கொழுந்து.

மூன்று முறை தவறினால் கதவு பூட்டிக்கொள்ளும். அவன் எழுதிய விதி.

போன் அடித்தது. திரையில் ‘காத்தமுத்து கிளார்க்.’

எடுத்தான். எடைத் தராசின் கொக்கி ஆடும் சத்தம்... கிறீச்... கிறீச்...

“தம்பி...”

துண்டித்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் எமரால்டுக்கு பஸ் ஏறினான். வீட்டில் காத்தமுத்துவின் மகள் வனிதா இருந்தாள்.

“உங்கப்பா போனு யார்கிட்டங்க இருக்குது?”

அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினாள். பின்மூடி இல்லை. “பேட்டரி உப்பிப்போச்சுங்க. அவரு போன அன்னைக்கே கழட்டி வெச்சது.”

கூடவே ஒரு நோட்டையும் எடுத்து வந்தாள். “வேலைய விட்டு நிறுத்துனதுக்கப்புறம் இதேதாங்க. கடவுச்சொல் என்னன்னு உக்காந்து யோசிச்சு எழுதுவாரு. உள்ள போயி அந்த எடையெல்லாம் சரி பண்ணிப்போடணும்பாரு.”

கோணல் எழுத்து.

ஒன்று: வனிதா1. இரண்டு: அட்டன்66. மூன்று: கொழுந்து.

நான்கு: தம்பிக்குப் போன் போட்டுக் கேட்கணும்.

சஃப்வான் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தான். பிறகு சொன்னான். நாலு வரி. ஈ கூடப் போகாது என்றது. அழித்தது. எல்லாம்.

வனிதா அழவில்லை. “அப்ப, எங்கப்பா சொன்னது நெசம்.”

“நெசம்ங்க.”

“இத ஃபேக்டரில வந்து சொல்லுவீங்களா?”

“இப்பவே வர்றேன்.”

அவள் நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

“சாகறதுக்கு மொத நாள் எழுதுனதுங்க. எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.”

ஐந்து: தம்பி நம்ம வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லும். 4.10.

சஃப்வான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

4.10.