தோப்பில் ஒரு தமிழ்நாடு

"ஏட்டி, சாக்குக்கு மேல கைய வையி. வழுக்காது" என்றார் தளவாய்.

மஞ்சு வைத்தாள். காரின் பின்பக்கம் ஒரு ஈரக் கோணிச்சாக்கு தொங்கியது. அது பம்பரையும் அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தையும் மூடியிருந்தது. காரில் வந்த ஐயப்ப சாமிகள் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, நியூட்ரலில் போட்டுவிட்டு, அருவிக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். தளவாய் திறந்த கதவு வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தார். மஞ்சு பின்னாலிருந்து தள்ளினாள். கார் தென்னைகளுக்கு நடுவே ஊர்ந்து, தோப்பின் கடைசியில், கிணற்றுக்குப் பின்னால் போய் நின்றது.

முன்பக்கம் பாதித் தோப்பு காலியாகக் கிடந்தது. முதுகுவலிக்காரர் ஒரு காரை மேட்டில் இவ்வளவு தூரம் ஏற்றுவதற்கு என்ன அவசியம் என்று மஞ்சு கேட்டாள். அவள் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிற டிப்ளமோக்காரி. வீணாகிற விசை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"இங்கன நெழலு" என்றார் தளவாய்.

மார்கழி மேகம் போட்டிருந்தது. தோப்பு முழுக்க நிழல்தான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

தளவாய் இருபது வருடம் லாரி ஓட்டினார். முதுகுத் தட்டு விலகியதும் லாரியை விட்டுவிட்டு, குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையோரத்தில், கார் நிறுத்த விட்டிருந்த ஒரு தென்னந்தோப்பில் வேலைக்குச் சேர்ந்தார். கழுத்தில் விசில், கையில் அடையாளச் சீட்டுக் கட்டு. வண்டி உள்ளே வந்து நின்றதும் பானட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், உழுதுவிட்டு வந்த மாட்டைத் தட்டுவது போல. வந்தவர் முகத்தைப் பார்க்கமாட்டார். நம்பர் பிளேட்டைப் பார்த்து, "தஞ்சாவூரா, வாங்க" என்பார். எப்போதோ பார்த்துப் பழகியவர் போலிருக்கிறது என்று சிலர் அவருக்குப் பழம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவரோடு தினமும் இரண்டு பேர் தோப்புக்கு வருவார்கள். குற்றாலீஸ்வரன், வயது ஒன்பது, வீட்டில் ஈசு. அவன் தங்கை சங்கரேஸ்வரி, வயது ஏழு, வீட்டில் சங்கரி. மஞ்சு பிறந்து நெடுங்காலம் கழித்துப் பிறந்தவர்கள். இருவரும் பள்ளிக்கூடம் போகவில்லை. பள்ளிக்கூடம்தான் தோப்புக்கு வந்தது.

ஈசு யு.கே.ஜி.யில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் வாய் ஓயாது. வெளியாள் ஒருவர் பேரைக் கேட்டால் போதும், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பான். பேசத் தொடங்கியதும் கூட்டிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். லாரியை விட்ட புதிது. இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தத் தனியார் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வழியும் இல்லை. "ஒரு வருசம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார் தளவாய். அவர் மனைவி உமாராணி தென்காசியில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலையை விரித்துப் போட்டு மடிக்கிறவள். வாதாடத் தெம்பில்லை. அந்த ஒரு வருடம் நான்கு வருடம் ஆயிற்று.

காலையில் பாய் சுருட்டும்போதே பாடம் தொடங்கிவிடும். ஈசு பூண்டு உரிக்க வேண்டும். உரித்ததை ஏழு ஏழாகக் குவிக்க வேண்டும். சங்கரி குக்கர் விசிலை எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் சோறு குழையும், அதை எல்லோரும் பேசாமல் சாப்பிடுவார்கள். இதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது என்பது தளவாயின் கருத்து. உமாராணி சேலைக்குள் வைத்து வருகிற அட்டைகளைக் கடையில் கேட்டு வாங்கி வருவாள். அதில் எழுத்துகள். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கணக்கு. சாயங்காலம் அவள் காய் நறுக்கிக்கொண்டே அன்றைய பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பாள். பாதியில் அவள் தலை சாய்ந்துவிட்டால் சங்கரி கத்தியை மெல்ல எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சுவருக்குச் சொல்லி முடிப்பாள்.

தோப்பு வாசலில் முகம்மது யூசுப்பின் டீக்கடை. வடை மடித்துத் தருகிற செய்தித்தாள் துண்டுதான் வாசிப்புப் புத்தகம். துண்டு என்பதால் செய்தி பாதியில் நின்றுவிடும். "மிச்சத்த நீயே சொல்லு" என்பார் தளவாய். சிவகிரி அருகே கிணற்றில் விழுந்த பசுமாடு ஒன்றை ஈசு அப்படி மூன்று விதமாகக் காப்பாற்றியிருக்கிறான். நான்காவது விதத்தில் மாடு தானாகவே ஏறி வந்தது. அது செல்லாது, திரும்பச் சொல்லு என்றார் தளவாய்.

கரும்பலகை ஒரு ஃபிளெக்ஸ் பேனர். யாரோ கல்யாணத்துக்கு வைத்து, மறுநாள் அவிழ்த்துப் போட்டது. முன்பக்கம் கூலிங்கிளாஸ் போட்ட மாப்பிள்ளையும் அவர் நண்பர்கள் பத்துப் பேரும். பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் தளவாய் தமிழ்நாட்டை வரைந்தார். எதையும் பார்த்து வரையவில்லை. லாரி போன ரோட்டை நினைவில் ஓட்டியபடி வரைந்தார். அதனால் நெடுஞ்சாலைப் பக்கங்கள் சரியாகவும், அவர் அதிகம் போகாத கடற்கரை சற்றுக் கோணலாகவும் வந்தன. தென்காசி, சென்னையைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தப் படத்துக்கு ஒரே விதி. ஒரு மாவட்டத்து நம்பர் பிளேட்டைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்த்தால்தான் அந்த மாவட்டத்துக்கு வண்ணம் பூசலாம். அடுத்தவர் சொல்லிப் பூசக் கூடாது. சாரல் காலத்திலும் ஐயப்ப சீசனிலும் பாடம் வேகமாக நடக்கும். அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் தமிழ்நாடு அப்படியே நிற்கும்.

இதில் ஒரு கோளாறு. நம்பரும் ஊரும் அவர்கள் தலைக்குள் ஒட்டிக்கொண்டன. ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சங்கரி இப்படித்தான் சொல்லுவாள்: "அஞ்சொம்பது திருச்சி, ஏழொம்பது சிவகங்கை, எட்டொம்பது திருநெல்வேலி." மஞ்சு திருத்தப் பார்த்தாள். "விடை சரியாத்தானட்டி இருக்கு" என்றார் தளவாய்.

படத்தில் ஒவ்வொன்றாக நிறைந்து, கடைசியில் ஒரே ஒரு மாவட்டம் வெள்ளையாக நின்றது. நீலகிரி. நம்பர் நாற்பத்துமூன்று. அது பகா எண். அவர்கள் படித்த எந்த வாய்ப்பாட்டிலும் வராது என்று மஞ்சு ஒருமுறை சொன்னாள். "அதான் தோப்புக்கும் வர மாட்டேங்கு" என்றார் தளவாய்.

நீலகிரிக்கு நீலம்தான் பூச வேண்டும் என்று சங்கரி சொல்லிவிட்டாள். பெட்டியில் நீலம் இல்லை, கடலுக்கே தீர்ந்துவிட்டது. வரும்போது ஒரு நீலக் கிரேயான் வாங்கி வரும்படி உமாராணி காலையில் சொல்லி அனுப்புவாள். அவர் சாயங்காலம் புளி, வாழைப்பழம், பல்பு என்று எல்லாம் வாங்கி வருவார். நீலம் மறந்துவிடும். ஒரு மாவட்டத்தையும் மறக்காத மனிதர் ஒரு கிரேயானை இப்படி மறக்கிறாரே என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

தெருக்கோடி அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியை பார்வதியம்மாள், ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாக வரும்போது இந்த வீட்டுக்கும் வருவார். தளவாய் அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, படத்தை விரித்துக் காட்டுவார். "எல்லா ஊர்க்காரனையும் பாத்துட்டான்னா இவன் யாரக் கண்டும் மெரள மாட்டான் டீச்சர். படம் நெறையட்டும். நெறஞ்ச மறுநாள் நானே கூட்டிட்டு வாரேன்." டீச்சர் வெள்ளையாக இருந்த நீலகிரியைப் பார்ப்பார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

காரைக் கிணற்றுக்குப் பின்னால் தள்ளிய அடுத்த வாரம், காலையில் தோசை மாவு வாங்கப் போன தளவாய், கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

காற்றாலையில் எந்த மெஷின் நின்றாலும் திரையில் ஒரு எரர் நம்பர் வரும். அதைப் பார்த்து எதைச் சரிசெய்வது என்று தெரிந்துகொள்ளலாம். மஞ்சு சில வாரம் வேலையில் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் பார்வதியம்மாள் வந்தார். இந்த முறை டீ போட்டது மஞ்சு. இரண்டு பேரையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகவும், பள்ளி திறக்கிற அன்று கூட்டிவந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். உமாராணி சரி என்றாள். மார்கழியிலிருந்தே அவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ஈசு பேசாமல் நின்று மறுபடியும் திரும்பி வந்துவிட்டால் இன்னொரு தளவாய்க்கு எங்கே போவது என்பதுதான் அவள் பயம். ஈசு வேறு, படம் நிறையவில்லை, அப்பா சொன்னது அதுதான் என்று நின்றான்.

"பூசிவிட்டுருட்டி" என்றாள் உமாராணி மஞ்சுவிடம். "ஒரு நீலம் வாங்கிட்டு வந்து அந்த ஊரப் பூசிவிடு. முடியட்டும்."

"பாக்காமப் பூசக் கூடாது" என்றான் ஈசு.

மஞ்சு குற்றாலம் போனாள். ஊட்டி வண்டி எதுவும் வந்தால் போன் பண்ணும்படி யூசுப்பிடம் சொல்லிவைப்பது அவள் திட்டம். அவர் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு ஆற்றுவதை நிறுத்தினார்.

"ஊட்டி வண்டியா? அது ஒவ்வொரு சீசனுக்கும் வரத்தானம்மா செய்யுது. அண்ணாச்சி நம்பரப் பாத்ததும் எங்கிட்ட வந்து ஒரு சாக்கு வாங்கிட்டுப் போவாரு. தண்ணியில முக்கிப் பின்னால தொங்கவிட்டு, மூக்கு சொவத்த ஒட்டுனாப்ல கெணத்துக்கு அங்கிட்டுக் கொண்டு நிப்பாட்டிருவாரு. பிள்ளையளுக்குக் கெணத்துப் பக்கம் போவக் கூடாதுன்னு உத்தரவு. எதுக்கு அண்ணாச்சின்னு கேட்டேன். 'இருக்கட்டும் பாய், இந்த ஒரு சீசன் இருக்கட்டும்'னாரு. எல்லா சீசனுக்கும் அதத்தான் சொன்னாரு."

மஞ்சு டீக்குக் காசு கொடுத்தாள். யூசுப் வாங்கவில்லை. கிணற்றுப் பக்கம் போய்ப் பார்த்தாள். பம்பு செட்டுச் சுவரில் ஆணி அடித்து, சாக்கு மடித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது. காய்ந்து விறைத்திருந்தது. அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை அவள் கை வைத்திருந்தது அதற்கு மேல்தான். விரல்களுக்கு அடியில் நம்பர் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஈசுவை மாடிப்படிக்குக் கூப்பிட்டாள். விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்து, நீலகிரி வண்டி தோப்புக்கு வந்திருக்குமோ என்று மட்டும் கேட்டாள்.

"வந்துச்சு" என்றான் ஈசு. "ரெண்டு தடவ பாத்தேன். சாக்கத் தூக்கிப் பாத்தேன்."

"அப்பாட்ட ஏம்லே சொல்லல?"

"சொன்னா படம் நெறஞ்சிரும். நாங்க பள்ளிக்கூடம் போயிட்டா அப்பாவுக்குப் பொழுது போகாதுல்லா." கொஞ்சம் யோசித்து, "நான் பாத்தது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாட்ட சொல்லிராத" என்றான்.

மஞ்சு சொல்லவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து அவளிடம் இப்போது ஒரு முழு விடை இருந்தது. அதை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

பள்ளி திறந்த அன்று சாரல் விழுந்துகொண்டிருந்தது. உமாராணி கடைக்கும் மஞ்சு காற்றாலைக்கும் லீவு சொல்லியிருந்தார்கள். ஈசு ஃபிளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் விடவில்லை. சுருளின் வெளிப்பக்கத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் நனைந்துகொண்டே வந்தார்கள்.

தலைமை ஆசிரியை அறையில் பார்வதியம்மாள் பேரைக் கேட்டார். சங்கரி தன் பேரைச் சொன்னாள். அண்ணன் பேரையும் சொன்னாள். அண்ணன் பேரை அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். ஈசு தரையைப் பார்த்தான். உமாராணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். யு.கே.ஜி.யிலும் இப்படித்தான் ஒரு நாற்காலி இருந்தது.

டீச்சர் அவசரப்படவில்லை. சுருளைக் கேட்டு வாங்கி மேசைமேல் விரித்தார். நாலு மூலையிலும் சாக்பீஸ் டப்பா, மணி, தம்ளர், தன் கை என்று வைத்தார். கோணலான கடற்கரையை, சென்னையைவிடப் பெரிய தென்காசியை, ஒவ்வொரு வண்ணத்தையும் நிதானமாகப் பார்த்தார். மேற்கே வந்து விரலை வைத்தார்.

"இது மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

அவர் கேட்டது மஞ்சுவைப் பார்த்து. மஞ்சு வாயைத் திறந்தாள்.

"நீலம் வாங்கணும்" என்றான் ஈசு. "அப்பா மறந்துட்டாங்க."

பார்வதியம்மாள் தினமும் கேட்கிற குரலைக் கேட்டது போலத் தலையை ஆட்டினார். மேசை டிராயரை இழுத்து, துழாவி, பாதி தேய்ந்த ஒரு நீலக் கிரேயானை எடுத்து அவனிடம் நீட்டினார்.

ஈசு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை, வெள்ளையாக இருந்த நீலகிரியைப் பார்த்தான்.