வேண்டாமென்றால் திருப்பிக் கொடுங்கள்

கோல்டன் ரிட்ரீவர் குட்டி விற்கிறவனுக்கு நாயைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, வாங்க வருகிறவர்கள் வீட்டு சோபாவைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழில் செய்தேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. குட்டிகள் செத்தும் பிழைத்தும் நானாகக் கற்றுக்கொண்டது. நாய்க்குட்டி வாங்கியோ விற்றோ அவதிப்பட்டவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

என் மனைவி சாரதா ஒரு விதி வைத்திருந்தாள். வெலிங்டன் தீவில் குடியிருந்த ஒருவர், எங்களிடம் வாங்கிய நாயை கேட்டில் கட்டிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். அதை அவிழ்த்துக் கூட்டிவந்த நாளிலிருந்து, குட்டி வாங்குகிற எல்லோரிடமும் சாரதா சொல்லுவாள்: வேண்டாமென்றால் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள், எப்போது வேண்டுமானாலும். அவள் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. விதி மட்டும் இருக்கிறது.

அந்த விதியின்படி திரும்பத் திரும்ப என்னிடம் வந்தவன் பச்சை. எங்கள் பெண் நாய் பொன்னியின் கடைசி ஈற்றில் பிறந்தவன். குட்டிகளை அடையாளம் தெரிந்துகொள்ளக் கழுத்தில் கலர் நூல் கட்டுவோம். அவனுக்குப் பச்சை நூல். அதற்குப் பிறகு நான் குட்டி எடுக்கவில்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கோல்டன் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அவனுக்கு நிலையாக ஒரு வீடு அமைவதற்குள் நான் போய்விட்டால் அவனை யாரிடம் திருப்பிக் கொடுப்பார்கள் என்பதுதான் என் கவலை.

சோபாப் பொருத்தம்

முதலில் வாங்கியவர்கள் கலூரில் ஃபிளாட் வாங்கியிருந்த இளம் தம்பதி. குட்டி பார்க்க வருகிறவர்கள் தாய் நாயைப் பார்க்க வேண்டும். இந்த ஜாதிக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும், அதனால் அதன் இடுப்பு எக்ஸ்ரே எங்கே என்று கேட்க வேண்டும். குட்டியை மடியில் மல்லாத்திப் பிடித்தால் கொஞ்சம் திமிறிவிட்டு அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பெண் போனில் சோபாவின் படத்தை எடுத்து ஒவ்வொரு குட்டியின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு இருந்ததில் பச்சைதான் வெளுப்பு. அவன் காது நுனியின் அடர்ந்த நிறத்தைக் காட்டி, வளர்ந்தால் இந்த நிறத்துக்குத்தான் வருவான் என்றேன். கணவன் காதைப் பார்த்தான், அவள் சோபாவைப் பார்த்தாள். லாட்டே என்று பால் காபியின் பெயரை வைத்து எடுத்துப் போனார்கள்.

சில மாதம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினான் பச்சை. காதின் நிறம் உடம்பு முழுக்க இறங்கியிருந்தது. நான் அதைத் தேன் நிறம் என்பேன். அவள் சொன்னாள்: "நாங்க எடுத்தது க்ரீம் கலர், அங்கிளே. இது பேக்கரி ரஸ்க் மாதிரி ஆயிப்போச்சு."

குளியல்

அடுத்து தோப்பும்படிப் பக்கத்துக் காண்டிராக்டர். பெரிய வீடு, முற்றம், வேலைக்கு இரண்டு பேர். மழை தொடங்குகிற நேரம். இந்த ஜாதிக்கு மேல்முடிக்குக் கீழே பஞ்சு போல இன்னொரு முடி உண்டு, நம் ஊர் மழையில் அது லேசில் காயாது, எப்போதாவது குளிப்பாட்டுங்கள், குளிப்பாட்டினால் வேர் வரைக்கும் துவட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலையாட்டினார். தலையாட்டுகிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் ஆட்டோ வந்தது. காதுக்குக் கீழேயும் தொடையிலும் முடி ஒட்டிப்போய், அடியில் தோல் வெந்தது போல் நீர் கசிந்துகொண்டிருந்தது. முடியை மழித்து, மருந்து போட்டு, ஃபேனுக்கு அடியில் படுக்கவைத்து அதை ஆற்றுவதற்கு வெகுநாள் ஆயிற்று. காண்டிராக்டர் வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "தினமும் ரெண்டு நேரம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன் சேட்டா. அப்படியும் நாய்க்கு நாய் நாத்தம்தான் அடிக்குது."

விடுமுறை

மூன்றாவது குடும்பம் நல்ல குடும்பம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பாடு, தினமும் சீப்பு, மாலையில் நடை. அடுத்த வருஷம் ஓணம் விடுமுறைக்கு முதல் நாள் அந்த அம்மாள் அழுதுகொண்டே வந்து, எங்களால் முடியவில்லை என்று அவனை விட்டுப் போனாள். பச்சை சாப்பிடாமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தான். விடுமுறை முடிந்ததும் மனசு கேட்கவில்லை என்று திரும்பி வந்தாள், கையில் துபாய்ப் பேரீச்சம்பழத்தோடு. சந்தோஷமாகக் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுபடி கொண்டுவந்தாள். அழுகை குறைந்திருந்தது. கோடை விடுமுறையில் அழுகையே இல்லை. தட்டு, மெத்தை, சீப்பு எல்லாம் ஒரு பையில் தயாராக வந்தன. அந்த முறை அவனைக் கூட்டிப்போக வந்தபோது ஆட்டோவின் சத்தம் கேட்டதும் அவன் கட்டிலுக்கு அடியில் போய் விறைத்துப் படுத்துக்கொண்டான். ஆட்டோ வந்தால் வீடு மாறும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. இனி தர முடியாது என்றேன். அந்த அம்மாளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "வேண்டாம்னா கொண்டு வாங்கன்னு சொன்னது நீங்கதானே அங்கிள்? நாய் ஹாஸ்டல்ல விட்டா எவ்வளவு கேக்குறாங்கன்னு தெரியுமா?"

வளர்ந்த நாய்

அதற்குப் பிறகு யாருமே இல்லை. குட்டி கேட்டு வருகிறவர்களிடம் பச்சையைக் காட்டுவேன். பழகியவன், செருப்பைக் கடிக்க மாட்டான், வீட்டுக்குள் அசிங்கம் செய்ய மாட்டான், காசு வேண்டாம் என்பேன். காசு வேண்டாம் என்றதும் சந்தேகம் வந்துவிடும். இதற்குள் என் முட்டி போய்விட்டது. காலையில் படகுத்துறை வரைக்கும் அவனோடு போவேன், வரும்போது அவன்தான் என்னை இழுத்து வருவான். ஒரு நாள் சங்கிலியோடு நான் விழுந்ததைப் பார்த்துத் தூக்கிவிட்டவரிடமே, இவனை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அவர் என் சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கலாம் சேட்டா. செகண்ட் ஹேண்ட் நாய் ஆரு வாங்குவா?"

ஒரு கேள்வி

ஷீபா சுள்ளிக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறாள். அக்கா வீட்டுக்குக் குட்டி கிடைக்குமா என்று விசாரிக்க வந்தவள். குட்டி இல்லை என்றேன். சாயா கொடுத்தேன். பச்சை அவள் காலில் தலையை வைத்துப் படுத்திருந்தான். இத்தனை வருஷத்தில் விலை, நிறம், சர்டிபிகேட் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். அவள் கேட்டது, "இவனுக்கு எதைக் கண்டா பயம்?" என்று. ஆட்டோ என்றேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன்.

பிறகு சில நாள் வந்து அவனோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். கூட்டிப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, பழக்கத்தில் நான் ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு இறங்கினேன். அவள் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஆட்டோ ஒண்ணும் வேண்டா சேட்டா. நாங்க ரெண்டாளும் நடந்தே போயிக்கிறோம்."

வால்

விதியை அவளிடமும் சொல்லியிருந்தேன். தெருவில் ஆட்டோ நின்றால் எழுந்து பார்ப்பேன். மழை வந்தது, ஓணம் வந்தது, யாரும் வரவில்லை. வராமல் இருப்பதற்காகத்தானே இத்தனை பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் உண்ணி மருந்து ஒரு சீசா வாங்கிக்கொண்டு சுள்ளிக்கல்லுக்குப் போனேன். அது அவளிடம் ஏற்கெனவே இருந்தது.

கேட்டைத் திறந்ததும் பச்சை ஓடி வந்தான். இப்போது அவன் பெயர் குட்டன். முடி நன்றாகக் காய்ந்து மினுமினுத்தது. என் கையை முகர்ந்து, வாலைச் சுழற்றி ஆட்டிவிட்டு, அவள் தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். என்னை ஞாபகம் வைத்திருக்கிறான் பார், என்றேன். ஷீபா துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஆரு வந்தாலும் இவன் இப்படித்தான் சேட்டா. கேஸ் சிலிண்டர் கொண்டு வர்ற ஆளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா ஆட்டுவான்."

வேண்டாமென்று திரும்பி வருகிற நாய்க்கு நம்மிடம் ஒரு விதி இருக்கிறது. வேண்டுமென்று அங்கேயே தங்கிவிடுகிற நாயைக் கொடுத்தவனுக்குத்தான் அந்த விதியில் போக்கிடம் எதுவும் எழுதிவைக்கவில்லை.